கடைசி அரை நிமிஷம்

இருளப்பனுக்கு மிருதங்கம் வாசிக்கத் தெரியும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கத்திடம் போய்ச் சொன்னவன் பிச்சை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். சும்மா சொல்லக்கூடாது, நல்லதுதான் செய்தான். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து இருளப்பனைப் பயம் பிடித்துக்கொண்டது. அப்புறம் அது விடவே இல்லை.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது சித்திரை அது. செர்டாங்கிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த அந்தத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், ரப்பர் பால்வெட்டும் நின்று, சனங்கள் மரவள்ளிக் கிழங்கை அவித்தும் சுட்டும் தின்றுகொண்டிருந்தார்கள். வேட்டி கிழிந்தவன் சாக்கை உடுத்தினான். அந்த நேரத்தில் வந்தது உத்தரவு: சயாமில் ரயில் பாதை போட வேண்டும், இந்தத் தோட்டத்துக்கு நாற்பது ஆள். பெரட்டுக் களத்தில், தினமும் விடிகாலை ஆளெடுப்பு நடக்கிற அதே இடத்தில் நின்று, கிராணி பட்டியலைப் படித்தார். பதினேழாவது பேர் இருளப்பன்.

"நாப்பதுன்னா நாப்பதுதான்லா. முப்பத்தொம்பது பேரைக் கொண்டுபோய் நிறுத்தினா நாப்பதாவதா என்னை ஏத்திடுவான். யாரும் எங்கிட்ட வந்து அழாதீங்க," என்றார். 

மாசியில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்கள் மூன்று மாத வேலை என்று சொல்லிப் போனார்கள். ஒரு கடுதாசி வரவில்லை. ஒருவன் மட்டும் தப்பி ஓடி வந்து, பாலிங் பக்கத்துக் காட்டில் காய்ச்சலோடு கிடந்து செத்தானாம். சாவதற்கு முன்னால் அங்கே நடப்பதைச் சொன்னானாம். அவன் சொன்னதாக ஊர் பேசியதெல்லாம் பெண்டாட்டி செல்லாயி காதில் விழாமல் பார்த்துக்கொள்வதே இருளப்பனுக்குப் பெரிய வேலையாக இருந்தது. அவளுக்கு ஏழு மாதம்.

பிச்சை பேர் பட்டியலில் இல்லை. அவன் கிராணி வீட்டுக்கு விறகு பிளந்து தண்ணீர் சுமக்கிறவன். அந்த வீட்டு அடுப்படியில் காதில் விழுந்த சங்கதியைத்தான் அன்றைக்கு மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னான்.

"மச்சான், ஜப்பான் ராசாவோட பொறந்தநாளுக்குப் பினாங்குலேர்ந்து பாட்டுக்கார அம்மா வருதாம். யாரு தெரியுமா? புஷ்பவள்ளி! நம்ம புஷ்பவள்ளி! அதுக்கு மிருதங்கத்துக்கு ஆள் இல்லையாம். 'இவன் என் ஆளு'ன்னு அது ஆபீசர்கிட்ட சொல்லிச்சுன்னா பட்டியல்லேர்ந்து பேரை அடிச்சிடுவானாம். கிராணி ஐயாகிட்டச் சொல்லிட்டேன்."

"என்னத்தைடா சொன்னே?"

"நீ பெரிய வித்துவான்னு."

வித்துவானாம்! வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பஜனை மடத்தில் தட்டுகிறவன் வித்துவான் என்றால், தண்ணீர்க் குடத்தைத் தட்டுகிறவளும் வித்துவான்தான். இருளப்பனுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் பயந்தான். ஆனால் மறுக்க வாய் வரவில்லை. சயாமா, மிருதங்கமா என்றால் எவன் மிருதங்கம் தெரியாது என்பான்?

'நம்ம புஷ்பவள்ளி' என்று பிச்சை சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அவள் பாடிய கிராமபோன் பிளேட் ஒன்று அவர்களிடம் இருந்தது. அந்தப் பிளேட்தான் இவனைக் கவிழ்க்கப் பார்த்தது. அதற்கு வருகிறேன்.

மறுநாள் மத்தியானம் புகைக்கொட்டகையில் ஒத்திகை. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற இடம். இப்போது ஷீட்டும் இல்லை, புகையும் இல்லை. நாற்றம் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிச்சை மிருதங்கத்தைச் சுமந்து வந்து வைத்தான். வாரைத் தட்டிச் சுருதி கூட்டுகிற கல்லையும் அவனே மடியில் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

புஷ்பவள்ளிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பன்னிரண்டு வயதில் மேடை ஏறியவள். மைக் இல்லாத காலத்தில் ஆயிரம் பேருக்குக் கேட்கப் பாடியவள். நாடகக் கம்பெனியோடு பினாங்குக்கு வந்த இடத்தில் சண்டை மூண்டு, கப்பல் நின்று, இங்கேயே மாட்டிக்கொண்டாள். ஒரு காலத்தில் இறுக்கமாக இருந்த ரவிக்கை இப்போது தோளில் தொளதொளத்தது. ஆனால் பாயை உதறிப் போட்டு உட்கார்ந்த தோரணையைப் பார்த்ததுமே இருளப்பனுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. மிருதங்கக்காரனுக்குக் கை வேர்த்தால் என்ன ஆகும்? வழுக்கும்.

அவள் மிருதங்கத்தின் இடது பக்கத்தை உற்றுப் பார்த்தாள். "தொப்பிக்கு ரவை பூசாம என்னப்பா பூசியிருக்கே?"

"மரவள்ளி மாவும்மா. ரவை கெடைக்கல."

"சரி போ. நானே கிழங்கு தின்னுட்டுத்தான் பாடறேன். அதுவும் தின்னுட்டுப் போகட்டும்."

பிச்சை சிரித்தான். இருளப்பன் சிரிக்கவில்லை.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் தம்பி, நல்லாக் கேட்டுக்கோ," என்றாள் அவள். "அந்த ஆபீசருக்கு நம்ம பாட்டு ஒரு எழவும் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். தோட்டத்துக்குத் தோட்டம் சும்மா இருக்கறவன் கையில மத்தளத்தைக் குடுத்து, வாத்தியக்காரன்னு சொல்லி ஏமாத்தப் பார்த்தாங்க. அதுலேர்ந்து அவன் பாட்டைக் கேக்கறதில்லை. பாட்டு முடியறதைப் பார்க்கறான். பொய்யாத் தட்டறவனுக்கு அது எங்க முடியும்னு தெரியாது பாரு. நான் வாயை மூடின பிறகும் ரெண்டு தட்டு தட்டுவான், இல்லேன்னா முன்னாடியே விட்டுடுவான். என் வாயும் உன் கையும் ஒரே தட்டுல நிக்கணும். நின்னா நீ என் ஆளு. நிக்கலேன்னா லோரி. அதுக்கு முன்னாடி உதை வேற."

இருளப்பன் தலையை மட்டும் ஆட்டினான். 

பிச்சைதான் கேட்டான். "உங்க பழைய மிருதங்கக்காரர் என்ன ஆனாரும்மா?"

"பக்கிரிசாமி. இருபத்தோரு வருஷம் எங்கூட வாசிச்சாரு. அவர் தம்பி சுருதிப் பெட்டி போடுவான். போன மாசம் பெண்டாங் பக்கம் ஒரு கூட்டம். ரெண்டு பேரும் என் ஆளுங்கன்னேன். ஒருத்தனுக்குத்தான் உத்தரவுன்னான். இல்லை, ரெண்டு பேரும் வேணும்னு நின்னேன். விட்டான் ஒண்ணு." இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "இந்தக் காது இன்னும் கொய்யுனு கத்திக்கிட்டு இருக்கு. ரெண்டு பேரையும் லோரியில ஏத்திட்டான். ஒருத்தரைக் கேட்டா ஒருத்தர் கெடைப்பாரு தம்பி. ரெண்டு பேரைக் கேட்டா ரெண்டும் போச்சு. அதை நான் படிச்சுக்கிட்டேன்."

 அப்புறம் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு சுருதிப் பெட்டியின் துருத்தியை இழுத்தாள்.

அவள் எடுத்த பாட்டு, தேர் பார்க்கப் போன ஒருத்தி கூட்டத்தில் தோழியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற பாட்டு. பிளேட்டில் இருந்த அதே பாட்டு. இருளப்பனுக்கு உயிர் வந்தது. ஏழு வருஷமாக அவன் வாசித்துப் பழகிய பாட்டு அது; கண்ணைக் கட்டிவிட்டாலும் வாசிப்பான். கை சூடு பிடித்தது. பல்லவி போனது, சரணம் போனது, புஷ்பவள்ளி புருவத்தைத் தூக்கி, பரவாயில்லையே என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள்.

கடைசிச் சுற்று வந்தது. இருளப்பன் கை தானாகத் தளர்ந்தது. மெல்ல மெல்ல இறங்கி, தூங்கப்போகிற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டி, கடைசித் தட்டை வைத்தான். அவள் வாயை மூடி ஆறு தட்டு ஆகியிருந்தது. முடித்துவிட்டு, பிரமாதமாக முடித்தோம் என்ற நினைப்பில் தலையைத் தூக்கினான், பாவி!

"எங்கப்பா போனே நீ?" என்றாள் புஷ்பவள்ளி.

"அம்மா?"

"நான் ஓடிக்கிட்டிருக்கேன், நீ படுத்துட்டே. தோழியைக் காணோம்னு அந்தப் பொண்ணு பதறிக்கிட்டு ஓடற இடம் அது. திரும்ப எடு."

திரும்ப எடுத்தார்கள். அதே இடத்தில் கை படுத்தது. மூன்றாம் தடவை. அதே. அவள் பையிலிருந்து வெண்கலக் கைத்தாளத்தை எடுத்துப் பிச்சையிடம் நீட்டினாள். "சும்மாத்தானே உட்கார்ந்திருக்கே. இதைத் தட்டு. காலத்தைப் பிடிச்சுக்கோ. இவன் இறங்கினாலும் நீ இறங்காதே."

பிச்சை ஆசையாக வாங்கிக்கொண்டான். தட்டினான் பாருங்கள், கடைசிச் சுற்று வந்ததும் இருளப்பன் கை எங்கே தளர்ந்ததோ, அதே இடத்தில், அதே அளவில், பேசி வைத்துக்கொண்ட மாதிரி அவன் கையும் தளர்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து, ஒரு தட்டுப் பிசகாமல், அவளை நடுவழியில் விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

புஷ்பவள்ளியின் முகம் சிவந்தது. "என்னைக் கேலி பண்றீங்களா ரெண்டு பேரும்?"

"ஐயோ, இல்லம்மா!"

"யார்கிட்டக் கத்துக்கிட்டே?"

"சுங்கைப் பட்டாணியில ஒரு வாத்தியாரும்மா..." என்று இருளப்பன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அவர் பேரு?"

பேர் இருந்தால்தானே வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவன் பிச்சையைப் பார்த்தான். பிச்சை கைத்தாளத்தைக் கீழே வைத்தான்.

"நீங்கதாம்மா," என்றான். "உங்ககிட்டத்தான் கத்துக்கிட்டான். இருங்க, காட்டறேன்." எழுந்து ஓடினான்.

அவன் கொண்டுவந்து வைத்தது கிராமபோன் பெட்டி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த பழைய டிரசர் ஊருக்குக் கப்பலேறியபோது, தனக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்த பிச்சைக்கு விட்டுப்போனது. கூடவே ஒரு பிளேட்டும் ஒரு புத்திமதியும் விட்டுப்போனார்: பாடிக்கொண்டிருக்கும்போது சாவி கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடும், ஜாக்கிரதை. பிச்சைக்கு அது வேதவாக்கு. ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட ஓடுகிற பெட்டியின் சாவியை அவன் தொட்டதில்லை. ஊசி கிடைக்காமல் போன பிறகு எலுமிச்சை முள்ளைச் சீவிச் செருகியிருந்தான். சாவியைக் கொடுத்துவிட்டு முள்ளை இறக்கினான்.

இருபத்துமூன்று வயதுப் புஷ்பவள்ளி கணீரென்று பாடினாள். நாற்பத்தைந்து வயதுப் புஷ்பவள்ளி அசையாமல் கேட்டாள். பிளேட் கடைசிக்கு வந்தது. பழைய ஸ்பிரிங் முழுப் பிளேட்டுக்கும் தாங்காமல் தளர்ந்தது. அந்தக் குரல் இறங்கி, ஆம்பிளைக் குரலாகி, அப்புறம் எருமைக் குரலாகி, இழுத்து இழுத்து, ஒரு முனகலோடு நின்றது.

முதலில் அவள் தோள் குலுங்கியது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அடப்பாவிகளா. இப்படியா நான் பாடினேன்னு நெனச்சீங்க?"

"பெரிய வித்துவானுங்க இப்படித்தான் முடிப்பாங்கன்னு நெனச்சேன்," என்றான் இருளப்பன். அவமானத்தில் காது சுட்டது. ஏழு வருஷம்! பஜனை மடத்தில் ஒவ்வொரு பாட்டையும் இப்படித்தான் கொன்றிருக்கிறான். சாமியும் பொறுத்துக்கொண்டது, சனங்களும் பொறுத்துக்கொண்டார்கள். ஜப்பான்காரன் பொறுப்பானா?

சிரிப்பு அவள் முகத்திலிருந்து போய்விட்டது. "எனக்குச் சரி. அந்த ஆபீசருக்கு என்ன தெரியும்? பொய் ஆளுன்னுதான் நெனப்பான்," என்றாள். அப்புறம் பிச்சையைப் பார்த்து, "திரும்பப் போடு. கடைசியில ஓடறப்பவே சாவி குடு. என் நிஜ வேகத்தை இவன் ஒரு தடவை கேக்கட்டும்," என்றாள்.

"ஸ்பிரிங் அறுந்துடும்மா. டிரசர் ஐயா சொல்லியிருக்காரு."

அவள் வற்புறுத்தவில்லை. பிச்சை பெட்டியைப் பார்த்தான். இருளப்பனைப் பார்த்தான். பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாதவன் அவன். அந்தப் பெட்டிக்குத் துணி போர்த்தித்தான் தூங்குவான். பிளேட்டைத் திரும்பப் போட்டான். கடைசிச் சுற்று வந்து குரல் தளரத் தொடங்கியதும் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைச் சுற்றினான்.

குரல் நிமிர்ந்தது. அடேயப்பா, என்ன ஓட்டம்! மிருதங்கம் குதிரை மாதிரி பாய்ந்தது. இருளப்பன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். மூன்று வரிதான். 'டணார்' என்று பெட்டிக்குள் ஏதோ தெறித்தது. பிளேட் நின்றது. முடிவு அப்போதும் கேட்கவில்லை.

பிச்சை மூடியைத் திறந்து பார்த்தான். "ஹபிஸ், தீர்ந்துபோச்சு," என்றான். பிறகு எதுவும் நடக்காதவன்போல மூடியைச் சாத்தினான். "போனாப் போவுது மச்சான். கேட்டியில்ல அந்த வேகத்தை? அதைப் பிடிச்சுக்கோ."

அதைப் பிடிக்கத்தான் அடுத்த இரண்டு நாளும் பாடு. புஷ்பவள்ளி கைத்தாளத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். "நீ தள்ளி உட்காருப்பா, உன் கையும் அதே வியாதிக்காரக் கை," என்று பிச்சையை மூலைக்கு அனுப்பினாள். இருளப்பன் இறங்கக்கூடாது இறங்கக்கூடாது என்று நினைத்தால், நடுப்பாட்டிலேயே கை தறிகெட்டு ஓடியது. ஓடக்கூடாது என்று நினைத்தால் கடைசியில் படுத்தது. சயாம் என்ற நினைப்பு வந்துவிட்டாலோ கையே மரத்துப்போனது.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சொல்வாங்க. அதுவரைக்கும் கொண்டுபோயிடாதேப்பா," என்றாள் அவள் ஒரு தடவை. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டில் சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்துத் தட்டினான். செல்லாயி கிழங்கை உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நல்லாத்தான் வாசிப்பீங்க," என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. வாசிச்சுத்தான் ஆகணும்னு தெரியும்."  மூலையில் ஒரு மூட்டை இருந்தது. ஒரு போர்வை, ஒரு மங்குக் கோப்பை, வறுத்த கிழங்கு. எதற்கும் இருக்கட்டும் என்று கட்டி வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு இருளப்பன் மறுபடி பானையைத் தட்ட ஆரம்பித்தான்.

மூன்றாம் நாள் ஒத்திகையில் பத்துத் தடவை எடுத்தார்கள். ஆறு தடவை சரியாக நின்றது, நாலு தடவை படுத்தது.

"வேற ஆளைப் பார்த்துக்குங்கம்மா. என்னால உங்களுக்கும் தொல்லை, சுசா," என்றான் இருளப்பன்.

"வேற ஆள் எங்கப்பா இருக்கான்?" அவள் தாளத்தைத் துணியில் சுற்றினாள்.  "முப்பத்திமூணு வருஷமா மேடை ஏறறேன். படுதா தூக்கறப்போ ஒரு நாளும் பயந்ததில்லை. இப்போ ஒவ்வொரு பாட்டும் முடியறப்போ பயமா இருக்கு. போய்த் தூங்கு. பத்துல ஆறு இருக்கு."

ராசாவின் பிறந்தநாள் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. பெரட்டுக் களத்தில் மூங்கிலை நட்டுக் கொடி கட்டியிருந்தார்கள். எல்லாரும் ராசா இருக்கிற திசை என்று கிழக்கே பார்த்துக் குனிந்து நிமிர்ந்தார்கள். ஒரு பக்கம் பட்டியல்காரர்கள் மூட்டையோடு குந்தியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு லோரி. இன்னொரு பக்கம் பெண்கள். நடுவில் நாற்காலி போட்டு ஆபீசர் உட்கார்ந்திருந்தான். முழங்கால்களுக்கு நடுவே வாளை ஊன்றி, அதன் பிடிமேல் இரண்டு கையையும் வைத்திருந்தான். சின்ன உருவம்தான். அந்தக் கண்தான் ஆகாது.

பிச்சை மிருதங்கத்தைப் பாய்மேல் வைத்தான். கல்லால் வாரைத் தட்டிச் சுருதி சேர்த்துக் கொடுத்தான். "பயப்படாத மச்சான். அந்த மூணு வரியை நெனச்சுக்கோ," என்று காதோடு சொல்லிவிட்டு, பாய்க்குப் பின்னால் கை கட்டி நின்றான். இருளப்பன் தன் மூட்டையை மிருதங்கத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். மாரியாத்தா, காப்பாத்து, என்று மனசுக்குள் கும்பிட்டான்.

புஷ்பவள்ளி கைத்தாளத்தைத் தட்டிக்கொண்டு பாடினாள். கிழங்கு தின்கிற தொண்டையா அது? குந்தியிருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கினார்கள். இருளப்பன் அவள் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பல்லவி சரியாகப் போனது. சரணம் சரியாகப் போனது. கடைசிச் சுற்று வந்தது. அந்த மூன்று வரி, அந்த மூன்று வரி என்று கையை விரட்டினான். கை ஓடியது!

அப்போது ஆபீசர் நாற்காலியின் நுனிக்கு வந்தான். வாளின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு, இருளப்பன் கையையே பார்த்தான்.

அவ்வளவுதான். கை தளர்ந்தது. தளர்வது அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் தூக்க முடியவில்லை. ஏழு வருஷத்து ஸ்பிரிங் அவன் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு, செல்லாயி என்று நினைத்தான். 

கைத்தாளத்தின் சத்தம் மாறியது முதலில் அவனுக்கு விளங்கவில்லை. அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தான். புஷ்பவள்ளி அவனைப் பார்க்காமல் எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட வேண்டிய வரியை அவள் நடந்தாள். தேடித் தேடிக் கால் ஓய்ந்துபோன பெண்ணாக, இனிக் கிடைக்கமாட்டாள் என்று தெரிந்துகொண்டவளாக, தோழியின் பேரை ஒரு தடவை கூப்பிட்டாள். இன்னும் மெதுவாக இன்னொரு தடவை. மூன்றாவது தடவை குரல் மூச்சாகி, இருளப்பனின் கடைசித் தட்டோடு சேர்ந்து, ஒரே இடத்தில் நின்றது.

களத்தில் ஒரு சத்தமில்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள்.

ஆபீசர் பின்னால் சாய்ந்தான். "பாகுஸ்," என்று மெச்சினான். இருளப்பனைக் காட்டிப் புஷ்பவள்ளியிடம் ஏதோ கேட்டான்.

"என் ஆளு," என்றாள் அவள், நெஞ்சில் கை வைத்து.

கிராணி பட்டியலை விரித்துப் பதினேழாவது பேரை அடித்தார். இருளப்பன் பக்கம் குனிந்து, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுடா, போ," என்று கிசுகிசுத்தார். இருளப்பனுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. பெண்கள் பக்கம் பார்த்தான். செல்லாயி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஆபீசர் எழுந்து குந்தியிருந்தவர்களை விரலால் எண்ணினான். முப்பத்தொன்பது. திரும்பினான். களத்தைச் சுற்றிப் போன கண், பாய்க்குப் பின்னால் வெறுங்கையோடு நின்றவன்மேல் வந்து நின்றது.

"இனி ஓராங்?" என்றான் பிச்சையைக் காட்டி. "ஆப்பா கெர்ஜா?"

கிராணி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நாற்பதாவது ஆளாகத் தன்னையே ஏற்றிவிடுவான் என்ற பயம் அவருக்கு. தரையைப் பார்த்துக்கொண்டு, "இருளப்பா, இவனுக்கு என்ன வேலைன்னு கேக்கறாரு. உங்கூட வாசிக்கிறவனா?" என்றார்.

கேள்வி இருளப்பனிடம் வந்துவிட்டது.

 புஷ்பவள்ளி கையிலிருந்த கைத்தாளத்தை மெல்லப் பாய்மேல் வைத்து, இருளப்பனின் முழங்காலுக்குப் பக்கத்தில் தள்ளினாள். அவன் அதைப் பார்த்தான். எடுத்துப் பின்னால் நீட்டினால் போதும். தாளம் போடுகிறவன் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ரெண்டு பேரைக் கேட்டா ரெண்டும் போச்சு. செல்லாயி அங்கே நிற்கிறாள். ஏழு மாதம்.

"இவன்..." என்றான் இருளப்பன். "இவன் வந்து... இவன்..."

குரல் தளர்ந்தது. இறங்கியது. ஒரு முனகலாகி நின்றது. இந்தத் தடவை கூட இறங்கி வந்து பிடிக்க யாருமில்லை.

ஆபீசரின் புருவம் நெரிந்தது. அதற்குள் பிச்சை முன்னால் வந்துவிட்டான். "காயு, துவான்," என்றான். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, கோடாலியால் விறகு பிளக்கிற மாதிரி ஓங்கிக் காட்டினான். ஆபீசருக்குப் புரிந்தது. லோரியைக் காட்டினான்.

பிச்சை மடியை அவிழ்த்துச் சுருதிக் கல்லை எடுத்துப் பாய்மேல் வைத்தான். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் இருளப்பனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் வெளிறிப்போயிருந்தான், அவ்வளவுதான்.

"எனக்கு ஒண்ணும் கட்டி வெக்கல மச்சான்," என்றான். "உன் மூட்டையைக் குடு."

இருளப்பன் எடுத்துக் கொடுத்தான்.